ஆட்டுக்கொழுப்புச் சோப்பு: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

நான் இருப்பது சேலம் சூரமங்கலத்தில், அக்கா வீடு ஏற்காட்டில். இருவருக்கும் ஒரே பாய் கடைக் கொழுப்பு, ஒரே கடையில் வாங்கிய காஸ்டிக் சோடா, ஒரே தாளில் எழுதிவைத்த அளவு. ஆனாலும் சித்திரையில் எனக்கு அச்சுக்குள் பொங்கி வெடிக்கும், மார்கழியில் அவளுக்குச் சட்டியிலேயே திரியும். இடையில் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான். அந்த ஏற்றத்தில் குறைகிற சூடுதான் எங்கள் கோளாறுகளில் பாதி என்று புரிவதற்குள் நாலைந்து கிலோ கொழுப்பு வீணாகிவிட்டது.

அதனால் சோப்பு சரியாக வராவிட்டால் எடுத்த எடுப்பில் அளவை மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் முதலில் எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. உங்கள் சோப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

நான் பேசுவதெல்லாம் இந்த அளவை வைத்து: உருக்கி வடிகட்டிய ஆட்டுக்கொழுப்பு 400 கிராம், தேங்காய் எண்ணெய் 250, ஷியா பட்டர் (ஷியா என்ற கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) 150, கடலை எண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. ஆக மொத்தம் ஒரு கிலோ. காஸ்டிக் சோடா 140 கிராம், தண்ணீர் 280 கிராம். இதில் கொழுப்பு ஐந்து சதவீதம் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும். ஷியாவுக்குப் பதில் கோகம் பட்டர் (கோகம் பழக்கொட்டைக் கொழுப்பு) போட்டால் காஸ்டிக் ஒரு கிராம் கூடும். ஆட்டுக்கொழுப்புக்குப் பதில் பன்றிக்கொழுப்பு என்றால் ஏறக்குறைய இதே கணக்குதான்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இந்த மூன்று

எடை மிஷின்: கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்று தள்ளிவிடுகிற பத்து ரூபாய்க் காசுகளை எடுங்கள். 2011-க்குப் பிறகு வந்த காசு ஒன்று 7.71 கிராம். பத்துக் காசு வைத்தால் 77 காட்ட வேண்டும். 74, 80 என்று காட்டினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் அந்த மிஷினைக் காய்கறிக்கு வைத்துக்கொண்டு சோப்புக்கு வேறு வாங்குங்கள். ஐந்து கிராம் தவறு ஒரு குழம்பைக் கெடுக்காது, ஒரு சோப்பைக் கெடுத்துவிடும்.

தெர்மாமீட்டர்: கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் காட்டும். அக்கா ஒரு நாள் போன் செய்து, "ஏன்டி, புதுசா வாங்கினதும் ரிப்பேர், கொதிக்கிற தண்ணிக்கு 95-தான் காட்டுது" என்றாள். கருவியில் ஒரு குறையும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும்.

காஸ்டிக் சோடா: டப்பாவைக் குலுக்கினால் செதில் செதிலாகச் சலசலக்க வேண்டும். ஒட்டிக் கட்டியாகியிருந்தால் காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்துவிட்டது. நீங்கள் 140 கிராம் நிறுத்தாலும் அதில் வேலை செய்யும் காஸ்டிக் அவ்வளவு இருக்காது.

கலக்கும்போதே திரிகிறது, கட்டி கட்டியாகிறது

கொழுப்பும் பட்டரும் போடுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது இதுதான். வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

*மெல்லத் திரிகிறது, ரவை மாதிரி இருக்கிறது என்றால்:* சூடு போதவில்லை. ஆட்டுக்கொழுப்பு நாற்பத்தைந்து டிகிரியை ஒட்டித்தான் உருகும். கோகம் பட்டரும் நாற்பதை நெருங்கினால்தான் இளகும். ஆறிப்போன காஸ்டிக் தண்ணீரை ஊற்றியதும் கொழுப்பு பயந்து உறைகிறது. பார்ப்பதற்குச் சோப்பு கெட்டியாகிவிட்டது போலவே இருக்கும். கரண்டியைத் தூக்கினால் விழுகிற கோடு மேலேயே நிற்கும். நம்பி அச்சில் ஊற்றினால் மறுநாள் எண்ணெய் தனியாக, காஸ்டிக் தண்ணீர் தனியாக நிற்கும்.

உண்மையான கெட்டியா, உறைந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சட்டியைச் சுடுதண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி ஐந்து நிமிடம் கிளறுங்கள். 50 டிகிரி வந்ததும் மோர் மாதிரி நீர்த்துப்போனால் அது வெறும் உறைவுதான். அந்தச் சூட்டிலேயே ஹேண்ட் பிளெண்டரை விட்டு விட்டு ஓட்டுங்கள். இந்த முறை தோசை மாவுப் பதத்துக்கு வந்தால் அது சோப்பு. நீர்க்காமல் அப்படியே கெட்டியாக இருந்தால் முதலிலேயே சோப்பாகிவிட்டது, தயங்காமல் அச்சில் ஊற்றுங்கள்.

இப்போது அக்கா குளிர்காலத்தில் கொழுப்பையும் காஸ்டிக் தண்ணீரையும் இரண்டையுமே 48, 50 டிகிரியில் வைத்துத்தான் சேர்க்கிறாள். எனக்குக் கோடையில் 42 போதும்.

*வாசனை எண்ணெய் ஊற்றியதும் சட்டென்று இறுகுகிறது என்றால்:* குற்றவாளி வாசனைதான். கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய், கடையில் விற்கும் மல்லிகை மாதிரியான செயற்கைப் பூ வாசனைகள் சிலவும் கண் மூடித் திறப்பதற்குள் கட்டியாக்கிவிடும். ஒருமுறை பிளெண்டரே உள்ளே மாட்டிக்கொண்டது, களியில் குத்திய மத்து மாதிரி. அப்படி ஆனால் பிளெண்டரை நிறுத்திவிட்டுக் கரண்டியால் அள்ளி அச்சில் வைத்து அழுத்துங்கள். அழகாக இருக்காது, குளிக்க ஆகும். அடுத்த முறை அதே வாசனையை நூறு கிராம் கலவையில் போட்டுப் பார்த்த பிறகு மொத்தத்தில் ஊற்றுங்கள். யூக்கலிப்டஸ் எண்ணெய் எங்களுக்கு இப்படித் தொல்லை கொடுத்ததில்லை.

எவ்வளவு கலக்கினாலும் கெட்டியாகவில்லை

கரண்டியால் கலக்குகிறீர்களா? அப்படியானால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அது கோளாறு இல்லை. பிளெண்டர் இருந்தும் அரை மணி தாண்டிவிட்டதென்றால் தண்ணீரின் எடையைத் திரும்பப் பாருங்கள். 280 கிராமை 380 என்று ஊற்றியவர்கள் உண்டு (நான்தான்). பன்றிக்கொழுப்பும் கடலை எண்ணெயும் அதிகம் என்றால் இயல்பாகவே மெதுவாக வரும். இவை எதுவும் இல்லையென்றால் மேலே சொன்ன ஈரம் குடித்த காஸ்டிக்தான். அந்தக் கலவையில் இன்னும் கொஞ்சம் காஸ்டிக்கைக் குத்துமதிப்பாகத் தூவுவது மட்டும் வேண்டாம். எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் போடுவது தோலோடு சூதாடுவது. புது டப்பா வாங்கி, புதிதாக ஆரம்பியுங்கள்.

அச்சுக்குள் பொங்குகிறது, நடுவில் வெடிக்கிறது

இது சேலத்து நோய். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ ஊற்றிவைத்தால் சோப்பு தன் சூட்டோடு வீட்டுச் சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். முதலில் நடுவில் மட்டும் கண்ணாடி மாதிரி நிறம் மாறும், அப்புறம் மேல்தோல் சுருங்கி மடியும், பிறகு நீளவாக்கில் வெடிக்கும். பால், வெல்லம், தேன் போட்டிருந்தால் எரிமலை மாதிரி வெளியே வழியும்.

முதலில் துண்டைப் போர்த்தியிருந்தால் எடுங்கள். புத்தகத்தில் போர்த்தச் சொல்லியிருப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. அச்சைத் தரையிலிருந்து தூக்கி இரண்டு செங்கல் மேல் வைத்து ஃபேனைப் போடுங்கள். வழிய ஆரம்பித்துவிட்டால் கையுறை மாட்டிக்கொண்டு அச்சோடு தூக்கி ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் வையுங்கள். வழிந்ததைக் கரண்டியால் உள்ளேயே தள்ளிக் கிளறிவிடலாம், அதுவும் சோப்புதான். வெடித்த சோப்பை வெட்டிப் பயன்படுத்தலாம். ஆனால் விரிசலுக்குள் எண்ணெயோ நீரோ நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

அடுத்த முறைக்கு: விடிகாலை ஐந்து மணிக்குக் காய்ச்சுங்கள். பால் சேர்ப்பதாக இருந்தால் ஐஸ்கட்டியாக உறைய வைத்துச் சேருங்கள். பெரிய மர அச்சுக்குப் பதில் சின்னச் சின்ன சிலிக்கான் அச்சு என்றால் சூடு தங்காது.

மேலே எண்ணெய் நிற்கிறது, அடியில் தண்ணீர்

ஊற்றி சில மணி நேரம்தான் ஆகியிருக்கிறது என்றால் காப்பாற்றலாம். எல்லாவற்றையும், அந்தத் தண்ணீரையும் சேர்த்து, எவர்சில்வர் சட்டியில் திருப்பிக் கொட்டி, 50 டிகிரிக்குச் சூடாக்கி, பிளெண்டரை விட்டு முழுப் பதம் வரும்வரை ஓட்டுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரைக் கையால் தொடாதீர்கள், அது முழுக் காஸ்டிக். பெரும்பாலும் இது மேலே சொன்ன போலிக் கெட்டியின் மறுநாள் முகம்தான்.

ஒரு வாரம் கழித்து எண்ணெய் நிற்கிறதென்றால் எடைத் தவறு. எதை எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதி வைத்திருந்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும்.

வெள்ளை வெள்ளையாக இருக்கிறது

வெள்ளையில் மூன்று வகை. ஒன்று அசிங்கம், ஒன்று அலட்டிக்கொள்ள வேண்டாதது, ஒன்று ஆபத்து. பிரித்துப் பார்க்க நாக்குச் சோதனை வேண்டும்: விரலை நனைத்துச் சோப்பில் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் லேசாக வைத்து உடனே துப்பி, வாயைக் கொப்பளியுங்கள். சோப்புச் சுவை மட்டும் என்றால் சரி. ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்தது போலச் சுரீரென்றால் காஸ்டிக் மிச்சமிருக்கிறது.

*மேற்பரப்பில் மட்டும் மாவு பூத்தது போல:* சோடா சாம்பல். காற்றுபட்ட காஸ்டிக் வெளுத்திருக்கிறது. குளிரும் ஈரமும் உள்ள ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் தவறாமல் வரும். ஈரத்துணியால் துடைத்தாலோ ஆவியில் அரை நிமிடம் காட்டினாலோ போய்விடும். ஊற்றியதும் பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பில் படும்படி போட்டால் வராது.

*வெட்டிய முகத்தில் உளுந்து, மிளகு அளவுக்குக் கெட்டிப் புள்ளி, நாக்கில் சுரீர் இல்லை:* முழுதாக உருகாத கொழுப்பு. ஷியா பட்டர் இதில் பேர்போனது. அரைகுறையாக உருக்கினால் குருணை விட்டுக்கொள்ளும். அடுத்த முறை ஷியாவை எழுபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுபோய்ச் சிறிது நேரம் வைத்திருந்து பிறகு இறக்குங்கள். இப்போதைய சோப்பைத் தாராளமாகத் தேய்த்துக் குளிக்கலாம்.

*உள்ளே மென்மையான வெள்ளைக் கட்டி, கீறினால் பொடியாக உதிர்கிறது அல்லது சொட்டு விடுகிறது, நாக்கில் சுரீர்:* கரையாத காஸ்டிக். இதைக் குளிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரில் காஸ்டிக் முழுதாகக் கரைந்து தெளியும்வரை பொறுக்கவில்லை என்று அர்த்தம். எடை எல்லாம் சரி என்று உறுதியாகத் தெரிந்தால் துருவி, ஆவியில் வேகவைத்துச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் பாத்ரூம் தரை கழுவத்தான் ஆகும், அதையும் கையுறையோடு.

ஆவியில் வைக்க இட்லிக் குண்டான் நல்லது. ஆனால் சோப்பு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இருக்கட்டும். பழைய குண்டான்கள் அலுமினியம். முதல் வருஷம் அம்மாவின் குண்டானில் நேராகக் காஸ்டிக் தண்ணீரை ஊற்றினேன். உஸ்ஸென்று நுரைத்து, கறுத்து, மூக்கைத் துளைக்கும் ஆவி வந்தது. அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் கதை வேறு. அம்மாவுக்குக் குண்டான் போன வருத்தம் இன்னும் தீரவில்லை.

வெட்டும்போது உதிர்கிறது

நாக்குச் சோதனையில் சுரீர் இல்லையென்றால் தாமதமாக வெட்டுகிறீர்கள், அவ்வளவுதான். கொழுப்பும் கோகமும் அதிகமுள்ள சோப்பு சீக்கிரம் கல்லாகும். ஒன்றரை நாள் கழித்து வெட்டினால் பழைய தேங்காய் பர்பி மாதிரி ஓரம் ஓரமாக உடையும். பன்னிரண்டு மணி நேரத்திலேயே ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பாலாடைக் கட்டி மாதிரி கொடுத்தால் வெட்டலாம். ஏற்கெனவே இறுகிவிட்டதா? மாடியில் பத்து நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு வெட்டுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் சேலம் வெயிலுக்கு நன்றி சொல்லலாம்.

சுரீர் என்றால் காஸ்டிக் கூடிவிட்டது. எடை மிஷின் தவறாக இல்லை, காஸ்டிக்கும் சரியாகத்தான் நிறுத்தேன் என்பீர்கள். எண்ணெயை மாற்றினீர்களா என்று யோசியுங்கள். தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, கடலை எண்ணெயை ஊற்றிவிட்டேன் என்பது நான் பலமுறை கேட்ட வாக்குமூலம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் வேண்டிய காஸ்டிக் வேறு. தேங்காய் எண்ணெய் ஒரு கிராமுக்கு 0.183 கேட்கும், கடலை எண்ணெய் 0.136 தான் கேட்கும். 250 கிராமையும் மாற்றினால் அந்த ஒரு கிலோவும் தின்னக்கூடியது மொத்தமே 136 கிராம் காஸ்டிக்தான். நீங்கள் 140 போட்டிருக்கிறீர்கள். மிச்சம் நாலு கிராம் உங்கள் தோலைத்தான் தேடி வரும்.

என்ன மாற்றினீர்கள் என்று தெரிந்தால் சரிசெய்யலாம். இந்தக் கணக்குக்குச் சோப்பைத் துருவி, ஆவியில் இளக்கி, 80 கிராம் கடலை எண்ணெய் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் வேகவைத்தால் நாலு கிராமும் தீர்ந்து கொழுப்பும் மிச்சம் நிற்கும். ஆறிய பிறகு நாக்குச் சோதனை மறுபடியும். தவறு எங்கே என்றே தெரியாவிட்டால் காப்பாற்ற முயலாதீர்கள்.

மெத்தென்றே இருக்கிறது, இறுகவில்லை

தண்ணீர் அதிகம், அல்லது இன்னும் நாளாகவில்லை. இந்தச் சோப்புக்கு ஆறு வாரம் கொடுங்கள், எட்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. அதற்கு மேலும் விரல் பதிந்தால் காஸ்டிக் குறைந்திருக்கிறது. கைகழுவும் இடத்தில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், சிக்கு வாடை வரும் முன்.

நுரை வரவில்லை, க்ரீமும் இல்லை

சோப்பைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். அதே சோப்பை ஒரு செம்பு கேன் தண்ணீரில் கை கழுவிப் பாருங்கள். அதில் நுரைத்து, வீட்டு போர் தண்ணீரில் தயிர் மாதிரி திரிந்து பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறப் பிசுக்கு படிந்தால், உங்கள் போர் உப்புத் தண்ணீர். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத பிசுக்காக்கிவிடுகின்றன. சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் என்கிற மெக்னீசியக் கல்லை வெட்டியெடுக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் அதே சோப்பு துள்ளும்.

செலவில்லாத வைத்தியம் கடைசி இரண்டு செம்பைக் காவிரித் தண்ணீரில் ஊற்றுவது. கொஞ்சம் செலவு என்றால் லெமன் சால்ட் (சிட்ரிக் ஆசிட்). ஒரு கிலோ கொழுப்புக்குப் பத்து கிராம் லெமன் சால்ட்டை முதலில் தண்ணீரில் கரைத்து, அதில் காஸ்டிக்கைப் போடுங்கள். ஆனால் லெமன் சால்ட் தன் பங்குக்கு ஆறு கிராம் காஸ்டிக்கைத் தின்றுவிடும், ஆகவே 140-க்குப் பதில் 146. பிசுக்கு கண்கூடாகக் குறையும். அதற்கும் அடங்காத தண்ணீர் என்றால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு சாஃப்ட்னர் போடுகிறவரைக் கூப்பிடுங்கள். ஒரு சோப்புக்காக அந்தச் செலவு வேண்டியதில்லை, தலைமுடியும் கீசரும் கெடுகிறதென்றால் யோசிக்கலாம்.

சோப்புக் காய்ச்சவும் போர் தண்ணீர் வேண்டாம். பெட்ரோல் பங்கில் விற்கிற பேட்டரி தண்ணீர் காய்ச்சி வடித்தது அல்லது உப்பு நீக்கியது, அது போதும். பேட்டரி ஆசிட் வேறு, பேட்டரி தண்ணீர் வேறு. லேபிளைப் படித்து வாங்குங்கள்.

*கேன் தண்ணீரிலும் நுரை இல்லை என்றால்:* நாள் கணக்கைப் பாருங்கள். இரண்டு வாரச் சோப்பிடம் நுரையை எதிர்பார்க்காதீர்கள். ஆறு வாரமும் ஆகிவிட்டதென்றால் பட்டரைக் கூட்டிவிட்டீர்கள். ஷியா, கோகோ, கோகம் எல்லாம் விலை அதிகம் என்பதால் அதிகம் போட்டால் நல்லது என்று தோன்றும். மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டினால் நுரை படுத்துவிடும், சோப்பு மெழுகு மாதிரி வழுக்கும். என் கணக்கு பதினைந்து சதவீதம்.

பெரிய குமிழி தேங்காய் எண்ணெயால் வருகிறது. பால் ஏடு மாதிரி அடர்ந்த, அடங்காத க்ரீம் நுரை ஆட்டுக்கொழுப்பாலும் பன்றிக்கொழுப்பாலும் வருகிறது, விளக்கெண்ணெய் அதைக் கலையாமல் பிடித்துவைக்கிறது. ஆகவே குமிழி இருக்கிறது, க்ரீம் இல்லை என்பவர்கள் தேங்காய் எண்ணெயைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டட்டும், காஸ்டிக் கணக்கைத் திரும்பப் போட்ட பிறகு. இரண்டுமே மந்தம் என்றால் பத்து கிராம் சர்க்கரையைக் காஸ்டிக் போடும் முன் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டி வெல்லத்திலும் செய்தேன், நுரை வந்தது, நிறம் பழுப்பானது.

மாங்கொட்டை பட்டரும் நல்ல க்ரீம் கொடுக்கிறது. மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் கொட்டைகளைக் குப்பையில் எறிந்துவிட்டு, அந்தப் பட்டரைக் கூரியரில் வரவழைக்கிறோம்.

ஆட்டு வாடை போகவில்லை

வாசனை எண்ணெய் ஊற்றி மறைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதத்தில் வாசனை போய்விடும், ஆடு இருக்கும். கோளாறு உருக்கியதில்.

எங்கள் பாயிடம் முதலில் வெறுமனே கொழுப்பு என்று கேட்டேன். தோலடிக் கொழுப்பு, சவ்வு, ரத்தம் எல்லாம் சேர்த்துப் பொட்டலம் கட்டினார். அடுத்த முறை சோப்புக்கு என்று சொன்னதும், "அப்ப குண்டிக்காய் கொழுப்பு எடுத்துக்கங்கம்மா, கிடா வேணாம்" என்று அவரே தேர்ந்து கொடுத்தார். குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தை, சுற்றி வெள்ளை வெளேரென்று இருப்பதுதான் கெட்டியானது, வாடை குறைந்தது. கிடாயின் கொழுப்பில் அந்த வாடை ஊறியிருக்கும்.

பொடியாக நறுக்கி, கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு போட்டுச் சிறு தீயில் உருக்குங்கள். வடிகட்டி ஆறவிட்டால் மேலே வெள்ளைத் தட்டாக உறையும். அந்தத் தட்டைத் திருப்பி, அடியில் படிந்திருக்கும் பழுப்பு நிறக் கசடைக் கத்தியால் சுரண்டி எறியுங்கள். வாடை இருப்பது அதில்தான். புதுத் தண்ணீர், புது உப்பு, மறுபடியும் உருக்குங்கள். மூன்றாம் முறை மூக்கின் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றும் தெரியாது. கடைசியில் தண்ணீர் இல்லாமல் சிறு தீயில் சலசலப்பு அடங்கும்வரை வையுங்கள், ஈரம் இருந்தால் கொழுப்பு சிக்குப் பிடிக்கும்.

இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தச் சோப்பு சரிப்படாது, தேங்காய் எண்ணெய்ச் சோப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆரஞ்சுப் புள்ளி, பழைய எண்ணெய் வாடை

சோப்பில் மிச்சமிருக்கும் கொழுப்பு சிக்குப் பிடித்துவிட்டது. புள்ளி ஒன்றிரண்டு என்றால் சுரண்டிவிட்டுச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். காரணங்களை வரிசையாகப் பாருங்கள்: சோப்பை வெயில்படும் ஜன்னலில் வைத்தீர்களா, காய வைத்த கம்பி வலை துருப்பிடித்ததா, கொழுப்பை இரும்புச் சட்டியில் உருக்கினீர்களா, பழைய கடலை எண்ணெயா. இரும்பும் செம்பும் பட்டால் கொழுப்பு வேகமாகக் கெடும். எவர்சில்வரே போதும், அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. உருக்கிய கொழுப்பை ஃப்ரீசரில் வையுங்கள், அடுப்பு மேடையில் டப்பாவில் அல்ல.

தோல் எரிகிறது

குளித்த பிறகு இழுக்கிற மாதிரி இருந்தால் தேங்காய் எண்ணெய் அதிகம். எரிந்து சிவந்தால் உடனே நிறுத்திவிட்டு நாக்குச் சோதனை செய்யுங்கள். சுரீர் இல்லாமலும் சிவந்தால் வாசனை எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் சோப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

காய்ச்சும்போது காஸ்டிக் தெறித்தால் வீட்டு வைத்தியம் கிடையாது. வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், நனைந்த துணியைக் கழற்றுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்தபடி கழுவிக்கொண்டே இருங்கள், ஒருவர் வண்டியை எடுக்கட்டும், நேராக ஆஸ்பத்திரி. குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஓடுங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

நாக்குச் சோதனை வீட்டுக்குப் போதும், விற்பனைக்குப் போதாது. நாலு பேர் கேட்கிறார்கள், விற்கலாமா என்ற இடத்துக்கு வந்துவிட்டால் ஆய்வகத்தில் மிச்சக் காஸ்டிக் அளவைப் பார்க்கக் கொடுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் இல்லாமல் விற்பனைக்குக் காய்ச்சக் கூடாது. சும்மா கொடுப்பதானாலும் இதில் ஆட்டுக்கொழுப்பு, இதில் பன்றிக்கொழுப்பு என்று சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு மாமி சைவம், எங்கள் பாய் பன்றியைத் தொட மாட்டார். அவருக்குத் தனிச் சட்டி, தனி அச்சு வைத்திருக்கிறேன்.

சோப்பு வியர்க்கிறது

கோளாறு இல்லை. சோப்புக்குள் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. துடைத்துவிட்டு ஃபேன் காற்றில் வையுங்கள், மூடிய டப்பாவில் வைக்காதீர்கள். மழை மாதத்தில் அக்கா வீட்டில் எதுவுமே காயாது, துணி உட்பட. அதனால் ஐப்பசியில் காய்ச்சியதை வெட்டிய மறுநாளே செய்தித்தாளில் சுற்றி, கீழே வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுகிறாள். என் மாடி அறையில் ஆறு வாரம் காய்ந்து, மிளகு வாங்கப் போகிற சாக்கில் திரும்ப மேலே போகிறது.